பேர் சொல்ல ஒரு ஆள்

வேர்ணி நகரம், 1885 மே 20

அன்புத் தங்கை மைசராவுக்கு அண்ணன் தோஸ்மாயில் எழுதிக்கொள்வது. உங்கள் ஆடுகளும் குதிரைகளும் நலமா, வீட்டில் உள்ளவர்கள் நலமா? வழக்கப்படி ஆட்டை முதலில் விசாரித்துவிட்டேன். உண்மையில் தெரிய வேண்டியது உன் சேதிதான். பிரசவம் இந்த மாதமா, அடுத்த மாதமா? மாமியார் கூடவே இருக்கிறாரா?

நான் நலம். அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை ருஷ்ய மொழிப் பட்டியல்களைப் பார்த்து எழுதுகிறேன். விரலெல்லாம் கறுப்பு. தேநீர் வியாபாரி நூர்காலி கையில் இரண்டு கட்டித் தேயிலையும் கொஞ்சம் காகிதமும் அனுப்பியிருக்கிறேன். காகிதத்தை அடுப்பு மூட்ட எடுத்துவிடாதே.

முக்கியமான செய்தி ஒன்று. ஜாரின் அளவைக்காரர்கள் உங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறார்கள். ஊற்று, புல்வெளி, மேடு எல்லாவற்றையும் பெயரோடு வரைபடத்தில் ஏற்றுவார்கள். பெயரும் உரியவரும் இல்லாத இடம் அவர்கள் கணக்கில் காலி நிலம். காலி நிலமெல்லாம் குடியேறிகளுக்கு. நீங்கள் கோடையில் மலை மேய்ச்சலுக்குப் போய்விடுவீர்கள், இவர்களும் பார்த்துப் பார்த்துக் கோடையில்தான் வருவார்கள். ஆகையால் உன் கணவர் சார்செம்பாயிடம் சொல். உன் மாமனார் தன் கையால் கல் பெயர்த்துத் திறந்த துங்காதார் ஊற்றின் பக்கத்தில், விவரம் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கட்டும். அந்தப் புல்வெளி போனால் பனிக்காலத்தில் உங்கள் மந்தை எதைத் தின்னும்?

ஓநாய் உங்கள் பட்டியை மறந்திருக்கட்டும்.
தோஸ்மாயில்


குளிர்கால வீடு, மற்றவர்கள் மலை ஏறி ஒரு மாதம், மகன் பிறந்து இருபதாம் நாள்

அண்ணாவுக்கு மைசரா வணக்கத்துடன் எழுதுவது. ஆடுகளும் குதிரைகளும் மலையில் நலமென்று கேள்வி. இங்கே நானும் மாமியாரும் நொண்டி நாயும் நலம். மேலே எழுதியதைப் படித்தாயா? உனக்கு மருமகன் பிறந்திருக்கிறான். மூக்கு உன்னுடையதுதான், பாவம்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வழியில் நூர்காலியின் ஒட்டகத்துக்குக் கால் வீங்கிவிட்டதாம். அளவைக்காரர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்கிறார்கள். நாற்பது நாள் முடியும்வரை குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் என்ன விசாரிப்பது?

நீ படித்தவன், ஒன்று கேட்கிறேன். மூன்று கால் வைத்த பித்தளைக் குழாய் வைத்திருக்கிறார்களே, அதற்குள் மலை தலைகீழாகத் தொங்குகிறதே, ஏன்? பனி கீழேயும் புல் மேலேயும் இருந்தால் அளப்பவருக்குக் குழப்பம் வராதா? தலைகீழாக அளந்ததைக் காகிதத்தில் யார் நிமிர்த்துவது? விவரமாக எழுது. மாமியார் உனக்கு வாழ்த்துச் சொன்னார்.

உன் தேயிலையைக் குடித்தபடியே முடிக்கிறேன்.
மைசரா


வேர்ணி, ஜூலை 2

மருமகனின் மூக்குக்கு என் முதல் வணக்கம். அவன் அம்மாவும், அம்மாவின் மாமியாரும், நாயும் நலமாக இருக்கட்டும்.

செய்தி கேட்டு அலுவலகம் முழுக்க உலர்ந்த திராட்சை கொடுத்தேன். உன் கேள்வியை வரைபடம் வரைபவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். குழாயில் இருக்கும் கண்ணாடி, மேலிருந்து வரும் வெளிச்சத்தைக் கீழேயும் கீழிருந்து வருவதை மேலேயும் அனுப்பிவிடுகிறதாம். நிமிர்த்த இன்னொரு கண்ணாடி போடலாம், ஆனால் காட்சி மங்கிவிடுமாம். "எங்களுக்குப் பழகிடுச்சு, இப்ப நேரா நிக்கிற மலையைப் பார்த்தாதான் தலை சுத்துது" என்று சிரித்தார். சின்ன வயதில் குமிஸ் தோல்பைக்குள் குதிரைப் பால் எப்படிப் புளிக்கிறது என்று பார்க்கத் தலையை விட்டவள் நீ. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை, சந்தோஷம்.

ஆனால் நான் சொன்னபடி ஊற்றுப் பக்கம் யாராவது இருந்தார்களா என்று நீ எழுதவில்லை. அளவைக்காரர்களிடம் யார் பேசியது? என்ன பெயர் கொடுத்தார்கள்? உங்கள் பள்ளத்தாக்கின் பட்டியல் இன்னும் என் மேசைக்கு வரவில்லை.

பதிலை எதிர்பார்த்து,
தோஸ்மாயில்


மலை மேய்ச்சல், குதிரைக்குட்டிகளைக் கட்டிப் பால் கறக்கும் காலம்

அண்ணா, இங்கே மந்தை கொழுத்திருக்கிறது, மனிதர்கள் கறுத்திருக்கிறார்கள், எல்லோரும் நலம். நீ நலம்தானே?

நாற்பது முடிந்து மலைக்கு வந்துவிட்டோம். தொட்டிலில் போட்ட அன்று உன் மருமகன் போட்ட கூச்சலில் பக்கத்துக் கூடாரத்து நாய்கள் குரைத்தன. மாமியார் அவனைக் கீழே விடுவதில்லை. குதிரை மேல் போகும்போதுகூட மடியில்தான். குமிஸ் இந்த வருடம் நல்ல காரம். சூடான ஆட்டுக்கொழுப்பில் ரொட்டி சுடும்போதெல்லாம் உன் காலி வயிற்றை நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி விஷயம் புரிந்தது. இன்னொன்று கேட்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். வரைபடத்தில் ஓர் இடத்துக்குப் பெயர் எழுதாமல் விட்டுவிட்டால், பிறகு எழுத முடியுமா? அல்லது மை காய்ந்தால் காய்ந்ததுதானா?

உன் விரல் வெளுக்கட்டும்.
மைசரா


வேர்ணி, ஆகஸ்ட் 9

தங்கைக்கு. எல்லோரும் நலமா? நான் நலமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் பட்டியல் வந்தது. நான்தான் சுத்தப்படி எழுத உட்கார்ந்தேன். நூற்றுப் பதினேழாம் வரி: "ஊற்று, நல்ல தண்ணீர். பெயர் இல்லை. உரியவர் இல்லை. அருகில் இரண்டு பெண்கள், வழிப்போக்கர்கள் போலும்." நூற்றுப் பதினெட்டு: "புல்வெளி, காலி. நாற்பது குடும்பங்களுக்குப் போதும்." என் கையாலேயே அதை எழுதினேன், மைசரா. எழுதி முடித்து மை ஒற்றும்போதுதான், பட்டியலோடு வந்த வரைபடத்தில் இரண்டு மேட்டுக்கு நடுவே இருக்கும் அந்த வளைவைப் பார்த்தேன். அது துங்காதார் ஊற்று!

அடுத்த வசந்தத்தில் குடியேறிகள் வருவார்கள். ஆட்சேபம் சொல்ல அக்டோபர் முதல் தேதி வரை அவகாசம். ஆனால் பதிவேட்டில் "உள்ளூர்க்காரர்கள் சொன்னபடி" என்று இருக்கிறது. யார் அந்த உள்ளூர்க்காரர்கள்? எந்தப் பாவி பெயரில்லை என்று சொன்னான்? கோபம் ஒரு பங்கு என்றால் குழப்பம் மூன்று பங்கு. பால் குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பெயர் அது. அதை எப்படி ஒருவன் இல்லையென்று சொல்வான்?

உடனே எழுது.
தோஸ்மாயில்


வேர்ணி, செப்டம்பர் 4

மைசரா, நலமா? இருபத்தாறு நாளாகப் பதில் இல்லை. நூர்காலி வந்தார், வேறு கதை சொல்கிறார். அளவைக்காரர்களுக்கு வழிகாட்டியவன் பக்கத்துக் கூட்டத்து ஒமிர்ஸாக் என்றும், புல்வெளிக்கு ஆசைப்பட்டு அவன்தான் பொய் சொன்னான் என்றும் உன் கணவரும் ஆட்களும் கொதித்துப் போயிருக்கிறார்களாம். பௌர்ணமிக்குள் அவன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வரப் போகிறார்களாம். ஒமிர்ஸாக் சும்மா இருப்பானா? ஒருவன் மண்டை உடைந்தாலும் போதும், சிப்பாய்கள் வருவார்கள். அப்புறம் ஊற்றும் இல்லை, ஆளும் இல்லை.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். நேற்று உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். கல்யாணமாகி ஆறு வருடம், பதினான்கு கடிதம். ஒன்றில்கூட அந்த ஊற்றின் பெயர் இல்லை. "நம் தண்ணீர்", "கீழ்த் தண்ணீர்" என்றுதான் எழுதியிருக்கிறாய். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. இதே வழக்கத்தில் வளர்ந்த எனக்கு மூன்று மாதமாக இது உறைக்கவில்லை. ருஷ்ய எழுத்து என் மூளையைத் தின்றுவிட்டது.

இன்னொன்று. குழாய்க்குள் மலை தலைகீழாகத் தொங்கும் என்பது அதில் கண் வைத்துப் பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இரண்டு பெண்கள்" யார், தங்கையே?
தோஸ்மாயில்


மலையிலிருந்து இறங்கும் வழி, முதல் உறைபனி

அண்ணா, மந்தை நலம். மனிதர்களைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

ஆமாம், நாங்கள்தான். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள். ஒரு செந்தாடிக்காரர், சங்கிலி பிடிக்கும் சிப்பாய், எங்கிருந்தோ பிடித்து வந்த மொழிபெயர்ப்பாளன், மூவரும் வந்தார்கள். ஒமிர்ஸாக் அவர்களை ஆற்றுத்துறையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டாராம். அவர் இங்கே கால் வைக்கவே இல்லை. மாமியார் ரொட்டியும் குமிஸும் வைத்தார். மொழிபெயர்ப்பாளன் வாயைத் துடைத்துக்கொண்டு மாமியாரிடம் ஆரம்பித்தான்.

"இந்த ஊத்துக்குப் பேர் என்னம்மா?"

"பேர் இருக்கு. பேரில்லாம இருக்குமா?"

"அதைத்தான் கேக்கறேன், என்ன பேரு?"

"நல்ல பேரு. ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே, சொல்லுங்க."

"நான் எப்படிய்யா என் வாயால சொல்றது?"

"ஏன், ரகசியமா?"

"இதுல என்ன ரகசியம்? எங்க வீட்டுக்காரர் பேரு."

"சரி, அவர் எங்க?"

"போய்ச் சேர்ந்துட்டார்."

அவன் ருஷ்ய மொழியில் ஏதோ சொன்னான், செந்தாடிக்காரர் எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லும்மா." நான் முக்காட்டைக் கடித்துக்கொண்டு, "அவர் எனக்கு மாமனார்" என்றேன். "ரெண்டு பேரும் வாயைத் தைச்சு வச்சிருக்கீங்களா?" என்று கத்தினான். மற்ற நாளில் யாராவது பையனைக் கூப்பிட்டு, "டேய், பேரைச் சொல்லுடா" என்போம். பேர் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அண்ணா. வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளைக்கு வயது பன்னிரண்டு நாள்.

இதுவரை சொன்னது பாதிதான். மீதியைச் சொல்லத்தான் கூசுகிறது. செந்தாடிக்காரர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். நான் குழாயையே பார்ப்பதைக் கவனித்து, வந்து பார் என்று கையைக் காட்டினார். கண்ணை வைத்தேன். நான் தினமும் பார்க்கிற மலை, தலைகீழாக, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. அவருடைய காகிதமும் பென்சிலும் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தன. எனக்கு எழுதத் தெரியும். வாயால்தான் சொல்லக் கூடாது. கையைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அப்பா நம் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாரே, அது அன்றைக்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்கள் குழாயை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்றுக் காலை இவர் ஒமிர்ஸாக்கின் குதிரைகளை ஓட்டி வரச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது சொல்லிவிட்டேன்.

"ஒமிர்ஸாக்கு இல்லைங்க. நாங்கதான்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்களே என்னை எங்க அண்ணன் வீட்டுக்கு ஓட்டியிருப்பீங்க."

பிறகு சேணத்தை அவிழ்த்தார்.

இப்போது என்ன செய்வது? நான் எழுதித் தந்தால் போதுமா?
மைசரா


வேர்ணி, செப்டம்பர் 17

தங்கையே, உடம்பைப் பார்த்துக்கொள். ஒமிர்ஸாக்கைக் காப்பாற்றியதற்கு ஒரு கட்டித் தேயிலை பரிசு.

உன் கடிதத்தை அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "கூடாரத்துப் பெண் எழுதுவாளா? இது உன் கையெழுத்து" என்றார். அப்பா ஒரே மாதிரி எழுதக் கற்றுக்கொடுத்ததன் பலன். காகிதம் வேண்டாமாம். பெயரில்லை என்று சொன்ன அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, எல்லோர் முன்னிலையிலும், தன் வாயால் பெயரைச் சொன்னால் பதிவேட்டைத் திருத்துவாராம். இருபத்தெட்டாம் தேதி ஆற்றுத்துறையில் கூடாரம் போடுகிறார். நீ என் தங்கை என்பதால் நான் அங்கே வரக் கூடாதென்று உத்தரவு.

சார்செம்பாயோ மற்றவர்களோ சொன்னால் செல்லாதா என்று மூன்று முறை கேட்டேன். "அவங்க இப்ப யோசிச்சு வச்ச பேரைச் சொல்வாங்க" என்கிறார்.

சொல் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லாதே என்று எழுதவும் வரவில்லை.
தோஸ்மாயில்


ஆற்றுத்துறையிலிருந்து திரும்பிய மறுநாள்

அண்ணாவுக்கு. எல்லோரும் நலம். ஒமிர்ஸாக்கும் நலம், தன் குதிரைகளோடு.

இரண்டு கூட்டத்துப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். மாமியாரும் வந்தார், மடியில் உன் மருமகன். அதிகாரி மேசைக்குப் பின்னால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். என்னை நிற்க வைத்து ஊற்றின் பெயரென்ன என்று கேட்டார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாமியாரைப் பார்த்தேன்.

அவர் குழந்தையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். பிறகு இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதைப் பார்த்துப் பெரியவர்கள் ஒவ்வொருவராக ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சொன்னேன்.

"சத்தமா" என்றான் மொழிபெயர்ப்பாளன். சொன்னேன். "மெதுவா, எழுதணும்." மூன்றாம் தடவையும் சொன்னேன். ஒரு தடவைக்கே செத்துப் போவேன் என்று நினைத்திருந்தேன், மூன்று தடவை சொல்லியும் சாகவில்லை. அதுதான் ஆச்சரியம். அதிகாரி எழுதிக்கொண்டு, முடிவு பிறகு வரும் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா என்று கேட்கவும் பயம்.

வரைபடம் உன் மேசைக்கு வந்தால் உடனே சொல்.
மைசரா


வேர்ணி, 1886 பிப்ரவரி 11

மைசரா, பனி உங்கள் மந்தையை விட்டுவைத்திருக்கிறதா? குழந்தைக்குப் பல் வந்ததா?

முடிவு வந்துவிட்டது. நூற்றுப் பதினேழாம் வரியை அடித்துவிட்டு நானே மறுபடி எழுதினேன்: "துங்காதார் ஊற்று." வீடுகளும், மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரும் உங்களுக்கு. நூற்றுப் பதினெட்டில் மாற்றமில்லை. புல்வெளியின் உத்தரவு முன்பே மேலிடத்தில் கையெழுத்தாகிவிட்டதாம். நீ ஆற்றுத்துறையில் பேர் சொல்வதற்கு முன்பே. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

புதிய ஊருக்குப் பக்கத்திலுள்ள இடத்தின் பெயரை வைப்பது வழக்கம். இதுவரை வைக்கப் பெயரில்லாமல் இருந்தது. நீ கொடுத்துவிட்டாய். "துங்காதார் கிராமம், நாற்பது குடும்பங்கள்." அதையும் என் கையால்தான் எழுதினேன்.

இந்த வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
உன் அண்ணன்


துங்காதார், 1886 மே 25

அன்புள்ள அண்ணாவுக்கு, மைசரா நலம், நலமறிய ஆவல். மேலே பார்த்தாயா, ஊர், தேதி எல்லாம் உன்னைப் போலவே போட்டிருக்கிறேன். குடியேறிகளின் தபால் வண்டி ஊர்ப் பெயர் இல்லாமல் கடிதம் வாங்குவதில்லை. கையால் எழுதுவதற்கு எனக்கு இப்போது பழகிவிட்டது. வாயால் அன்றைக்குப் பிறகு சொல்லவில்லை.

மந்தையில் பாதியை விற்றுவிட்டோம். அதைப் பற்றி எழுத மனமில்லை. நீ வேலையை விடாதே. நூற்றுப் பதினேழாம் வரியை எழுத அங்கே நம்மில் ஒருவன் இருந்தானே.

வந்தவர்களைத் திட்டித் தீர்க்கலாமென்றுதான் இருந்தேன். ஆனால் ஒருத்தி, வெள்ளை முக்காடு போட்டவள், வேலிக்கு மேல் எட்டி என் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. வந்து பார் என்று கையைக் காட்டினேன்.

அவர்கள் நாளெல்லாம் ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். வண்டிக்காரன் சொல்கிறான், மாட்டைத் தேடுகிறவள் சொல்கிறாள். பாதி எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். ஒரு வாரமாக மாமியார் காலையில் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு அந்த வேலி ஓரம் போய் உட்கார்ந்துவிடுகிறார். நான் சொன்னதில் கோபம் தீராமல்தான் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நேற்றுப் பால் கொண்டுபோனபோது கேட்டேவிட்டேன்.

"இங்க என்ன அத்தை பண்றீங்க?"

"கேட்டுக்கிட்டிருக்கேன்." நூலைத் திரித்துக்கொண்டே சொன்னார். "கல்யாணமாகி வந்து நாப்பத்தோரு வருஷம். ஒரு நாள் சொன்னதில்ல. அவர் போனப்ப ஒப்பாரியிலகூட 'என் மலையே'ன்னுதான் அழுதேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏண்டி, நீ அன்னிக்குச் சொன்னியே, வாய்க்கு எப்படி இருந்துச்சு?"

"சுடும்னு நினைச்சேன் அத்தை. சுடல."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை சொல்லலாம் போல இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. நூல் கட்டையைக் கீழே வைத்தார். மடியில் தூங்கிக்கொண்டிருந்த உன் மருமகனைத் தூக்கி, தன் முக்காட்டுக்குள் அவன் தலையை இழுத்து, காதோடு வாயை வைத்துக்கொண்டார்.

எனக்கு எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது, உனக்குத் தெரியும். நான் எழுந்து மலைப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

உன் மைசரா